தனியா கேம்பர் வேன்ல டிரியர்: காலைல ஊர், மத்தியானத்துக்கு மேல ஆத்தங்கரை (முழு வழிகாட்டி)

டிரியர், ஜெர்மனியோட மேற்கு ஓரத்துல, லக்ஸம்பர்க் பார்டர ஒட்டி மோசல் ஆத்தங்கரையில இருக்கற ஊர். நான் இங்க என் வேன்ல தனியா மூணு தடவ போயிருக்கேன், முதல் தடவ முழு சொதப்பல், ரெண்டாவது தடவ பரவால்ல, மூணாவது தடவதான் ஊரையும் பாத்து காலையும் நீட்டி உக்காந்தேன், அதனால அந்த மூணாவது தடவ பண்ணதத்தான் இங்க எழுதறேன், நீங்க நேரா அங்க இருந்தே ஆரம்பிச்சுக்கோங்க.

முதல் தடவ என்ன ஆச்சுன்னா, மேப்புல ஊர் நடுவுல ஒரு பார்க்கிங்க போட்டுட்டு அது சொன்ன பக்கமெல்லாம் திரும்பி திரும்பி போனேன், கடைசில ஒரு மாடி பார்க்கிங் வாசல்ல போய் நின்னா தலைக்கு மேல குறுக்க ஒரு கம்பி, 2 மீட்டர்னு போட்டிருக்கு. என் வேன் உயரம் 2.6 மீட்டர். பின்னாடி மூணு கார் வந்து நின்னாச்சு. நம்ம ஊரா இருந்தா டீக்கடைல இருந்து நாலு பேர் எந்திரிச்சு வந்து "வரட்டும் வரட்டும், ஒடிச்சுக்கோ"ன்னு தட்டி ரிவர்ஸ் எடுத்து விட்டிருப்பாங்க, இங்க யாரும் ஹாரன் கூட அடிக்கல, கண்ணாடி வழியா சும்மா பாத்துட்டே இருந்தாங்க, அது அதவிட கொடுமை. தனியா போறதுல நெஜமான கஷ்டம்னா எனக்கு இது ஒண்ணுதான், பின்னாடி போய் நின்னு கை காட்ட ஆள் கிடையாது. அன்னைக்கு வெச்சுக்கிட்ட ரூல்: வண்டி ஊருக்குள்ள வராது, நான் மட்டும்தான் போவேன்.

எந்த நாள் போகணும்

திங்கக்கிழமை வேண்டாம், மியூசியம் மூடியிருக்கும். ஞாயித்துக்கிழமை போனா ஊர் பாக்கலாம், ஆனா சூப்பர்மார்க்கெட் எதுவும் திறக்காது, பால் தயிர் எல்லாம் சனிக்கிழமையே வாங்கி வெச்சுக்கணும். ஜூன் கடைசி வார வீக்கெண்ட்ல பழைய ஊர் திருவிழா நடக்கும், அதுக்குன்னே போறீங்கன்னா சரி, இல்லன்னா இடமும் கிடைக்காது நிம்மதியும் கிடைக்காது. நான் சொல்றது செவ்வாய்ல இருந்து வியாழன் வரைக்கும் ஏதாவது ஒரு நாள், முந்தின நாள் சாயங்காலமே போய் சேந்துடுங்க. காலைல ஓட்டிட்டு வந்து அதே நாள் ஊர் சுத்தலாம்னு நெனச்சா நிறுத்தி செட் பண்றதுக்குள்ளயே பதினொரு மணி ஆயிடும், அப்புறம் ஊருக்குள்ள பஸ் பஸ்ஸா டூரிஸ்ட் கும்பல் எறங்கியிருக்கும்.

முந்தின நாள் சாயங்காலம்

புதுசா வர்றவங்களுக்கு ஒரு விஷயம். ஜெர்மனில ரெண்டு வகை இடம் உண்டு. கேம்பிங்பிளாட்ஸ்னா புல்தரை, குளிக்கற ரூம், பாத்திரம் கழுவற எடம், டென்ட் போடறவங்க எல்லாம் சேந்த முழு செட்டப், நிறைய இடத்துல மத்தியானம் ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் கேட்ட மூடிடுவாங்க, அந்த நேரத்துல போய் நின்னா வெளியவே காத்துக்கிட்டிருக்க வேண்டியதுதான். ஸ்டெல்பிளாட்ஸ்னா கேம்பருக்குன்னே இருக்கற பார்க்கிங், தண்ணி, கரண்ட், கழிவு கொட்ற இடம் அவ்வளவுதான், விலையும் பொதுவா கம்மி. டிரியர்ல ஆத்துக்கு மேற்குக் கரையில, மெஸ்ஸபார்க் மைதானத்து பக்கத்துல ரெண்டுமே ஒட்டி ஒட்டி இருக்கு. நான் ஸ்டெல்பிளாட்ஸ்தான் எடுப்பேன், ஒரு ராத்திரிக்கு எனக்கு அது போதும். சாதாரண ரோட்டோர பார்க்கிங்ல களைப்பு தீர ஒரு ராத்திரி தூங்கிட்டு போறத பொதுவா யாரும் தடுக்க மாட்டாங்க, ஆனா சேர எடுத்து வெளிய போட்டா அது கேம்பிங் கணக்குல போயிடும், அபராதம் வரும். நம்ம பிளான்ல பாதி நாள் சேர்லதான் போகுது, அதனால இதுல கஞ்சத்தனம் வேண்டாம்.

நிறுத்தினதும் மட்டம் பாருங்க. இதுக்குன்னு ஆப் எல்லாம் இருக்கு, நான் ஒரு எலுமிச்சம்பழத்த மேசை மேல வைப்பேன், எந்தப் பக்கம் உருளுதோ அந்தப் பக்கத்து டயருக்கு அடியில பிளாஸ்டிக் சாய்வுக்கட்டைய வெச்சு ஏத்துவேன். (வேன் வாங்கின அன்னைக்கு டயருக்கு அடியில வெச்ச நாலு எலுமிச்சம்பழத்தோட நிக்கல, அன்னைல இருந்து வண்டில எலுமிச்சை இல்லாத நாளே இல்ல.) முழுசா மட்டம் வரலன்னா தலை மாட்டுப் பக்கம் கொஞ்சம் உசரமா இருக்கற மாதிரி பாத்துக்கோங்க, கால் உசந்து தலை தாழ்ந்து படுத்தா காலைல தலைவலிதான்.

அடுத்தது கரண்ட். நிறைய இடத்துல ஒரு பிளக்குக்கு 6 ஆம்பியர்தான் குடுப்பாங்க, 230 வோல்ட்டுக்கு கணக்கு போட்டா 1,380 வாட் வருது, நம்ம இண்டக்ஷன் அடுப்பு மட்டுமே 2,000 வாட் இழுக்கும், போட்ட உடனே ட்ரிப் ஆயிடும், சில இடத்துல பியூஸ் பெட்டிய பூட்டி வெச்சிருப்பாங்க, ராத்திரி ஒம்பது மணிக்கு அத திறக்க ஆள் தேடி அலையணும். சின்ன ரைஸ் குக்கர் 400 வாட் சொச்சம்தான், அது ஓடும். ஆனா குக்கர், கெட்டில், ஹீட்டர் மூணும் ஒரே நேரத்துல ஓடாது.

படுக்கறதுக்கு முன்னாடி நாளைக்கு மத்தியானத்து சாப்பாட்ட ரெடி பண்ணிடுங்க, அது தயிர்சாதம். நாலு வருஷமா எதெதையோ பண்ணிப் பாத்துட்டு திரும்ப வந்து நிக்கறது இதுலதான். சாதத்த நல்லா குழைய வடிச்சு, சூடு ஆறின அப்புறம் பால் நிறைய ஊத்தி, தயிர் ஒரே ஒரு ஸ்பூன் விட்டு பிசைஞ்சு மூடி போட்டு காலைல பைல வெச்சிட்டா, மத்தியானம் திறக்கறப்ப சரியா உறைஞ்சு புளிக்காம இருக்கும். ரயில்ல போறப்ப அம்மா கட்டிக் குடுக்கற அதே கணக்கு. தாளிக்கறத மட்டும் வேனுக்கு வெளிய வெச்சுக்கோங்க, ஒரு தடவ நான் உள்ள வெச்சு கடுகு வரமிளகா போட்டதுல அந்த புகைக்கு அலாரம் கத்த ஆரம்பிச்சு, பக்கத்து வேன்ல இருந்த தாத்தா லுங்கி மாதிரி ஒரு டவலோட தீயணைக்கற சிலிண்டர எடுத்துட்டு ஓடி வந்துட்டாரு.

காலைல கிளம்பறது

எட்டேகாலுக்கு கிளம்பினா போதும். லேப்டாப்ப சீட்டுக்கு அடியில தள்ளி, முன் கண்ணாடி திரைய பாதி மட்டும் இழுத்து விடுங்க, முழுசா மூடி வெச்சா உள்ள யாரும் இல்லன்னு வெளிய இருந்து பாத்தாலே தெரிஞ்சிடும். மேல் ஜன்னல் மூடியிருக்கான்னு பாருங்க, அங்க ஜூன்ல திடீர்னு மழை கொட்டும், ரெண்டாவது தடவ நான் திரும்பி வந்தப்ப மெத்தை நனைஞ்சு கெடந்துச்சு. பைல தயிர்சாதம், ஊறுகாய், தண்ணி, குடை, ரெண்டு யூரோ காசு கொஞ்சம் (டாய்லெட்டுக்கு), போன் சார்ஜர், இதுக்கு மேல எதுவும் வேண்டாம்.

ஸ்டெல்பிளாட்ஸ்ல இருந்து ஆத்தோரமாவே சைக்கிள் பாதை இருக்கு, சைக்கிள எடுத்துக்கிட்டு வடக்க பாத்து மிதிச்சா பத்து நிமிஷத்துல ரோமன் பாலம். ஜெர்மனிலயே இருக்கற பாலத்துல பழசு இதுதான். மேல இருக்கற கல் வளைவெல்லாம் பின்னாடி கட்டினது, தண்ணிக்குள்ள நிக்கற தூண்கள்தான் 2ஆம் நூற்றாண்டுல ரோமானியர் வெச்சது, அது மேல இன்னைக்கும் கார் பஸ் எல்லாம் போகுது. பாலத்துல ஏறறதுக்கு முன்னாடி கீழ எறங்கி அந்தத் தூண பக்கத்துல பாருங்க, கருங்கல்லு, தண்ணி வர்ற பக்கம் மூக்கு மாதிரி கூர்மையா செதுக்கியிருக்கு. பாலம் தாண்டி நேரா சூட்அல்லே ரோட்டுல போனா கைசர்தெர்மன் (ரோமன் அரசர் காலத்து குளியல் கூடம்) இடிபாடு வரும், அது பக்கத்துலயே மியூசியம், பெரிய தோட்டம். சைக்கிள அங்கயே பூட்டிட்டு இனிமே நடை. பழைய ஊர் முக்கால்வாசி நடக்கறவங்களுக்கு மட்டுந்தான், சைக்கிள உள்ள கொண்டு போனா தள்ளிக்கிட்டே சுத்தணும். இங்க பூட்டறதுல இன்னொரு லாபம், சுத்தி முடிச்சு திரும்பி வர்ற இடமும் இதுதான்.

போர்ட்டா நிக்ரா, ஒம்பது மணி

பதினஞ்சு இருபது நிமிஷம் நடந்து நேரா வடக்கு ஓரத்துக்கு போங்க, வழில எதையும் பாக்காதீங்க, திரும்பி வர்றப்ப பாத்துக்கலாம். போர்ட்டா நிக்ரான்னா கருப்பு வாசல், கி.பி. 170 வாக்குல கட்டின கோட்டை வாசல், கிட்டத்தட்ட 30 மீட்டர் உசரம். சுண்ணாம்பு கலவை எதுவும் இல்லாம கல்லு மேல கல்ல அடுக்கி இரும்பு கிளாம்ப் போட்டு, அதுல ஈயத்த காய்ச்சி ஊத்தி கோத்திருக்காங்க. அடிச்சுவத்துக்கு கிட்ட போய் நின்னா கல்லு சேர்ற இடத்துல எல்லாம் கை முட்டி அளவுக்கு குழி குழியா இருக்கும், குண்டு பாஞ்சதுன்னுதான் நானும் முதல்ல நெனச்சேன். பழைய காலத்துல ஊர்க்காரங்க அந்த இரும்புக்கும் ஈயத்துக்கும் ஆசப்பட்டு குடைஞ்சு எடுத்த குழி அது. நம்ம ஊர்ல தண்டவாள கிளிப்ப கழட்டி எடைக்குப் போடற கதைதான், ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி.

அப்ப மிச்சம் எப்படி தப்பிச்சுதுன்னு கேட்டா, ஒரு சாமியாரால. சிமியோன்னு ஒரு கிரேக்க துறவி இதோட கிழக்கு கோபுரத்துக்குள்ள தன்ன வெச்சு அடைச்சுக்க சொல்லி தவம் இருந்து 1035ல அங்கயே செத்துப் போனாரு, அவர் நினைவா வாசலையே சர்ச்சா மாத்திட்டாங்க, சர்ச்சுங்கறதால யாரும் கை வைக்கல. அப்புறம் நெப்போலியன் வந்து 1804ல சர்ச்ச எடுத்துட்டு பழையபடி ரோமன் வாசலா ஆக்குங்கன்னு உத்தரவு போட்டாரு. மேல ஏறி கிழக்குப் பக்கம் போனா சர்ச்சோட மிச்சம் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கறது தெரியும். படி செங்குத்து, முட்டி வலி இருந்தா மெதுவா ஏறுங்க.

பக்கத்துலயே மார்க்ஸ் சிலை, சீனா 2018ல அன்பளிப்பா குடுத்தது, பீடத்தோட சேத்து அஞ்சரை மீட்டர். மார்க்ஸ் பொறந்தது இந்த ஊர்லதான், 1818 மே 5. பொறந்த வீடு புருக்கன்ஸ்ட்ராஸ 10ஆம் நம்பர், இப்ப மியூசியம். உள்ள பெரும்பாலும் படிக்கற போர்டுதான், ஆர்வம் இருந்தா போங்க, நான் வெளிய ஒரு போட்டோவோட முடிச்சுக்கிட்டேன். டிராபிக் சிக்னல்ல பச்சை மனுசனுக்கு பதிலா தாடியோட மார்க்ஸ் நடக்கறாரு, அதுக்குத்தான் கூட்டம் ஜாஸ்தி.

மார்க்கெட்டும் ரெண்டு சர்ச்சும்

திரும்பி தெற்க நடந்தா ஹவுப்ட்மார்க்ட் சதுக்கம், நடுவுல 958ல நட்ட கல் சிலுவை, 1595 வருஷத்து பீட்டர் நீரூத்து, சுத்தி பூக்கடை பழக்கடை. ஒரு சிவப்பு வீட்டு சுவத்துல ரோமுக்கு 1,300 வருஷம் முன்னாடியே டிரியர் இருந்துச்சுன்னு லத்தீன்ல எழுதி வெச்சிருக்காங்க. சும்மா பெருமைதான், ரோமானியர் இந்த ஊர போட்டதே கி.மு. 17 வாக்குலதான். கல் தோன்றி மண் தோன்றான்னு பேசற நமக்கு இதெல்லாம் புரியாதா என்ன.

ஒயின் ஸ்டாண்டு ஒண்ணு இங்கயே இருக்கு, சுத்துவட்டார திராட்சத் தோட்டக்காரங்க முறை வெச்சு வந்து ஊத்துவாங்க. வண்டி எடுக்கறது நாளைக்குத்தான்ங்கறதால ஒரு சின்ன கிளாஸ் ரீஸ்லிங் தப்பில்ல. குடிக்காதவங்களுக்கு திராட்ச ஜூஸ் கேட்டா கிடைக்கும். இந்த ஊரு ஸ்பெஷல்னு வீட்ஸ்னு ஒரு ஆப்பிள் ஒயின், வெள்ளை பீங்கான் குவளைல தருவாங்க, எனக்கு அது ஒரு நாள் கூடுதலா புளிச்ச நீச்சத்தண்ணி மாதிரி இருந்துச்சு, நீச்சத்தண்ணி பிடிக்கும்ங்கறதால முழுசா குடிச்சேன்.

அடுத்து கதீட்ரல், டோம்னு சொல்வாங்க, ஜெர்மனிலயே பழசு, வேரு 4ஆம் நூற்றாண்டு. ஒட்டினாப்ல லீப்ஃப்ராவன் சர்ச், 13ஆம் நூற்றாண்டு, பூ மாதிரி வட்டமா விரியற கட்டடம். ரெண்டும் இலவசம். ரெண்டுத்துலயும் சேத்து ஒரு முக்கால் மணி நேரம் போதும். வாசல்ல ஒடிஞ்ச கருங்கல் தூண் ஒண்ணு சாய்ஞ்சு கெடக்கும், தலைமுறை தலைமுறையா குழந்தைங்க சறுக்கி விளையாடி வழவழன்னு ஆயிருக்கு, யாரும் பாக்காதப்ப நானும் ஒரு தடவ சறுக்கினேன்.

பசிலிக்கா: இங்க மட்டும் அவசரப்படாதீங்க

ரோமன் பேரரசர் கான்ஸ்டன்டைனோட தர்பார் மண்டபம். 67 மீட்டர் நீளம், 27 மீட்டர் அகலம், 33 மீட்டர் உசரம், நடுவுல ஒரு தூண் கிடையாது. 1856ல இருந்து புராட்டஸ்டன்ட் சர்ச். 1944 குண்டுவீச்சுல எரிஞ்சுது, திரும்பக் கட்டினப்ப உள்ள பூச்சு அலங்காரம் எதையும் செய்யாம செங்கல்ல அப்படியே விட்டுட்டாங்க. அதனாலதான் இது என்ன இழுக்குது. நம்ம கோயில்ல தூண் தூணா தாண்டிப் போய் இருட்டுக்குள்ள சாமி, இங்க ஒண்ணுமே இல்ல, வெறும் செங்கலும் வெளிச்சமும். கடைசி வரிசைல உக்காந்தேன், யாரோ ஒருத்தர் முன்னாடி கைத்தடிய கீழ போட்டாரு, அந்த சத்தம் மேல போய் சுத்திட்டு கீழ வர்ற வரைக்கும் எல்லாரும் அசையாம இருந்தோம். அரை மணி நேரம் ஒதுக்குங்க. குளிருக்கு தரைக்கு அடியிலயும் சுவத்துக்குள்ளயும் சூடான காத்த விட்டு இந்த மண்டபத்தையே சூடு பண்ணியிருக்காங்க, நான் என் வேன் ஹீட்டருக்கு டீசல் கணக்கு பாத்துட்டிருக்கேன்.

வெளிய வந்தா ரோஸ் கலர் அரண்மனை, அதுக்கு முன்னாடி புல்வெளி தோட்டம். மணி பன்னண்டு பன்னண்டரை ஆயிருக்கும், தயிர்சாதத்த இங்க திறங்க. ஆபீஸ் ஆளுங்க, காலேஜ் பசங்கன்னு எல்லாரும் புல்லுலதான் உக்காந்து சாப்பிடறாங்க, தனியா உக்காந்து சாப்பிடறோமேன்னு கூச்சமே வராது. ஹோட்டல்ல ஒத்த ஆளா போய் நாலு பேர் டேபிள்ல உக்கார்ற சங்கடம் உள்ளவங்களுக்கு இது பெரிய விஷயம்.

ஒரே ஒரு மியூசியம்

தோட்டத்து ஓரத்துலயே லாண்டஸ்மியூசியம். எல்லாத்தையும் பாக்காதீங்க, ரெண்டு பொருள மட்டும் பாருங்க. ஒண்ணு, ஒயின் பீப்பாய் ஏத்திட்டுப் போற கல் படகு, 3ஆம் நூற்றாண்டு, படகுல இருக்கற ஆளுங்கள்ல ஒருத்தன் முகத்துல சிரிப்பு. ரெண்டாவது தங்கக்காசு. 1993ல இந்த ஊர்ல ஒரு பார்க்கிங் கட்ட தோண்டறப்ப 2,500க்கு மேல ரோமன் தங்கக்காசு கிடைச்சுது, எடை 18.5 கிலோ. 2019ல திருடங்க உள்ள புகுந்து கண்ணாடிய ஒடைக்க பாத்து முடியாம ஓடிட்டாங்க. எனக்கு ஊர் கரூர், அமராவதி ஆத்து மணல்ல ரோமன் காசு கிடைச்ச ஊர், சின்ன வயசுல அதப்பத்தி கேட்டு கேட்டு ஆத்துல குச்சிய வெச்சு நோண்டினவதான் நானும். இந்தக் கண்ணாடிக்கு முன்னாடி நின்னப்ப அந்தக் காசு கிளம்பின பக்கத்துக்கே வந்துட்டோமேன்னு ஒரு மாதிரி இருந்துச்சு, உடனே அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அம்மா காச பாக்கல, "ஏங் கண்ணு, வெயில்லயா சுத்தற, மூஞ்சி கருத்துப் போச்சு"ங்கறாங்க.

கைசர்தெர்மன உள்ள போய் பாக்கணும்னா பாருங்க, அரசனுக்காக கட்ட ஆரம்பிச்சு குளியலறையா முடிக்கப்படவே இல்லாத கட்டடம், அடியில சுரங்க வழி நல்லா இருக்கும். ஆம்பிதியேட்டர் (ரோமன் காலத்து வட்ட அரங்கம்) மேட்டுல இருக்கு, அத நான் வேணும்னே விட்டுட்டேன். முதல் தடவ எல்லாத்தையும் ஒரே நாள்ல டிக் பண்ணி சாயங்காலம் ஏழு மணிக்கு வேன்ல செருப்பக் கூட கழட்டாம படுத்துட்டேன், எது எந்த கட்டடம்னே இப்ப ஞாபகம் இல்ல.

ரெண்டரைக்கு மேல

அதே பாலம், அதே பாதை, மூணு மணிக்குள்ள வேன். சேர தண்ணிய பாத்து போடுங்க, போன உள்ள வெச்சிடுங்க. மோசல்ல நிலக்கரி, ஜல்லி ஏத்தின நீளமான சரக்குக் கப்பல் மெதுவா போகும், கப்பல் போயி கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் அலை வந்து கரைல தட்டும். கப்பல்காரர் வீட்டம்மா துணி காயப்போட்டிருப்பாங்க, மேல ஒரு கார் கூட நிக்கும். நான் நாலு கப்பல் எண்ணினேன், அஞ்சாவது வர்றதுக்குள்ள தூங்கிட்டேன்.

பக்கத்து வேன்காரங்க பெரும்பாலும் ரிட்டயர்ட் தம்பதிங்க, போறப்ப வர்றப்ப ஹலோ சொல்லிடுங்க. "தனியாவா?"ன்னு கண்டிப்பா கேப்பாங்க, அக்கறைலதான். பொண்ணுங்களுக்கு ஒண்ணு சொல்றேன், வழில ரோட்டோரத்துல நிறுத்தறப்ப யாராவது அப்படி கேட்டா ஆள் பின்னாடி வருதுன்னு சொல்லிட்டு போயிட்டே இருங்க, இங்க மாதிரி ஆள் நிறைஞ்ச இடத்துல உண்மைய சொல்லி வெக்கறதுதான் நல்லது, ராத்திரி ஒண்ணுன்னா எட்டிப் பாப்பாங்க. எங்க நிறுத்தினாலும் டிரைவர் சீட்டுக்கு போற வழிய சாமான் போட்டு அடைக்காதீங்க, சாவி எப்பவும் ஒரே ஆணில.

ஜூன்ல சூரியன் மறைய ராத்திரி ஒம்பதே முக்கால் ஆகும், அதனால சமையலுக்கு அவசரமில்ல. வெளிய சின்ன கேஸ் அடுப்புல ரசம், அப்பளம், அவ்வளவுதான். பாத்திரத்த கழுவறதுக்கு முன்னாடி டிஷ்யூ வெச்சு தொடைச்சிடுங்க, எண்ணையும் மஞ்சளும் கழிவுத்தண்ணி டேங்க்ல போச்சுன்னா ரெண்டு நாள்ல வர்ற நாத்தத்துக்கு வண்டிய வித்துடலாம்னு தோணும்.

மறுநாள் காலைல கிளம்பறப்ப

வரிசை முக்கியம். முதல்ல நல்ல தண்ணி பிடிக்கறது, உங்க சொந்த ஹோஸ்லதான், அங்க தொங்கற ஹோஸ் எதுக்கெல்லாம் போச்சோ. அப்புறம் கழிவுத்தண்ணி. கடைசியா டாய்லெட் கேசட் (வேன் டாய்லெட்டுக்கு அடியில இருந்து உருவி எடுக்கற கழிவுப் பெட்டி), அத கழுவறதுக்குன்னு தனி குழாய் இருக்கும், குடிதண்ணி குழாய் பக்கமே கொண்டு போகாதீங்க. கைய கழுவிட்டு கேஸ் மூடி, கரண்ட் கேபிள சுருட்டி, படிய மடக்கி, மேல் ஜன்னல் பாத்து, வண்டிய ஒரு சுத்து சுத்தி வாங்க. நான் இந்த நாலையும் ஒரு சீட்டுல எழுதி ஸ்டியரிங் மேல ஒட்டி வெச்சிருக்கேன், கேபிளோட வண்டிய எடுத்த ஒரு ஆள நேர்ல பாத்ததுல இருந்து.

டீசல் இங்க போடாதீங்க. பதினஞ்சு கிலோமீட்டர்ல பார்டர் தாண்டினா வாசர்பில்லிக், லக்ஸம்பர்க், பங்க்கா வரிசையா இருக்கும், லிட்டருக்கு கண்ணுக்குத் தெரியற அளவு கம்மி. சனிக்கிழமை மட்டும் போயிடாதீங்க, பாதி ஜெர்மனி அங்க க்யூவுல நிக்கும்.